பைகளுக்குக் காவல்

சென்ற ஆண்டு ஒரு பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்கு நானும் ஒரு நடுவராக இருந்தேன். 'விடுமுறை நாள்' என்பது கொடுக்கப்பட்டிருந்த பொருள். எழுதியவர்களின் பெயரை நீக்கிவிட்டு, கதைகளுக்கு எண் மட்டும் போட்டு அனுப்பியிருந்தார்கள். என் பங்குக்கு வந்தவை 40 கதைகள். அவற்றில் ஒன்பது கதைகள் ஒரே மாதிரியான இடத்தில் நடந்தன. கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை, ஊட்டியும் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், காலை முதல் மாலை வரை நீரில் நனைந்து, ராட்டினத்தில் சுற்றிவிட்டு வருகிற பூங்கா. வாட்டர் பார்க் என்றும் தீம் பார்க் என்றும் சொல்கிறார்களே, அது.

நல்ல அறிகுறி என்றுதான் முதலில் நினைத்தேன். நடுத்தரக் குடும்பங்கள் இன்று எங்கே போகின்றனவோ அங்கே கதையும் போகவேண்டும். கதாசிரியன் மட்டும் இன்னமும் கோயில் பிராகாரத்திலும் ஆற்றங்கரையிலும் உட்கார்ந்துகொண்டிருந்தால், அவன் எழுதுவது பழைய கதைகளைப் பார்த்து எழுதிய கதையாகத்தான் இருக்கும். ஆகவே அந்த ஒன்பதையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு ஆவலோடு படித்தேன்.

மூன்றில் குழந்தை காணாமற்போகிறது. கடைசிப் பக்கத்தில் கிடைத்துவிடுகிறது. இரண்டில் தகப்பனார் செலவை நினைத்து மனம் வருந்துகிறார். திரும்பி வரும் வழியில் ஓர் ஏழைச் சிறுவன் தெருக்குழாயில் குளித்துக் கும்மாளமிடுவதைக் கண்டு ஞானம் பெறுகிறார். இரண்டில் ஆசாரமான பாட்டி ஒருத்தி திடீரென்று சறுக்கில் வழுக்கி வந்து எல்லோரையும் சிரிக்கவைக்கிறாள். ஒன்றில் மின்சாரம் போய் ராட்டினம் உச்சியில் நின்றுவிட, சண்டை போட்டுக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் ஆகாயத்தில் சமாதானமாகிறார்கள். ஒன்பதாவது கதையில் ஒன்றுமே நடக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவை மோசமாக எழுதப்பட்ட கதைகள் என்று சொல்லமாட்டேன். நடை சரளமாகவே இருந்தது. ஆனால் அவற்றில் நீரைப் பற்றிய வர்ணனை விளம்பரப் பலகையிலிருந்து வந்திருந்தது. மனிதர்களைப் பற்றிய வர்ணனை பழைய கதைகளிலிருந்து வந்திருந்தது. திருவிழாக் கூட்டத்தில் ஐம்பது வருஷமாகக் காணாமற்போய்க்கொண்டிருந்த அதே குழந்தைதான் இப்போது அலைக்குளத்தருகே காணாமற்போகிறது. இடம் மாறியிருக்கிறது; பார்வை மாறவில்லை. ஒன்பது கதைகளையும் ஒதுக்கிவிட்டு, ரயில் பிரயாணத்தைப் பற்றிய ஒரு கதைக்கு என் முதல் மதிப்பெண்ணைக் கொடுத்து அனுப்பினேன்.

இந்த அபிப்பிராயத்தை வீட்டில் ஒருநாள் சாப்பாட்டின்போது கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். என் மருமகள் மோர் ஊற்றிக்கொண்டே, "மாமா, நீங்க அந்த மாதிரி இடத்துக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். போனதில்லை. விமர்சகனுக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி கிடையாது. பேரக் குழந்தைகள் இரண்டும் உடனே கைதட்டின. மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மகன் லீவு போட, நாங்கள் ஆறு பேரும் சென்னைக்குத் தெற்கே இருக்கிற ஒரு பூங்காவுக்குப் புறப்பட்டோம்.

வாசலிலேயே ஒரு தகராறு. என் மனைவி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கிளறி இரண்டு பெரிய சம்படங்களில் எடுத்து வந்திருந்தாள். பைகளைச் சோதித்த காவலாளி, "அம்மா, வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டாங்க. உள்ளேயே ஓட்டல் இருக்கு" என்றான். மகன் டிக்கெட்டின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தான். அங்கே அப்படித்தான் அச்சிட்டிருந்தது. தூக்கிப் போடுவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. ஆகவே காலை ஒன்பதரை மணிக்கு, வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில், ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். என் மனைவி ஒரு காகிதத் தட்டில் புளியோதரை வைத்து, மேலே ஒரு வடுமாங்காயும் போட்டு, அந்தக் காவலாளிக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கூண்டுக்குப் பின்னால் போய் நின்று சாப்பிட்டான். எங்கள் ஒன்பது கதைகளில் ஒன்றிலும் இந்தக் காவலாளி இல்லை.

உள்ளே போனதும் உடை மாற்றுகிற படலம். பருத்தி உடையோடு நீரில் இறங்கக்கூடாது. பருத்தியின் நூலிழைகள் உதிர்ந்து, நீரைச் சுத்தம் செய்கிற வடிகட்டிகளில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. நைலான் உடை இல்லாதவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நானும் வாடகைக்கு ஒரு கறுப்பு நிஜாரும், முதுகில் எண் போட்ட பனியனும் வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என் பேத்திக்குப் பதினொரு வயது. சிரிப்பை அடக்கத் தெரிந்த வயது. பேரனுக்கு ஏழு, அவனுக்கு அது தெரியாது.

என் மனைவி என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் பைகளைப் பார்த்துக்கறேன்" என்றாள்.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். எங்கள் பணமும் கைப்பேசிகளும் நகையும் வாடகைப் பெட்டகத்துக்குள் பூட்டியாயிற்று. சாவி மருமகளின் மணிக்கட்டில் ரப்பர் வளையத்தோடு தொங்கியது. வெளியே இருந்தவை இரண்டு துணிப்பைகள். அவற்றில் உலர்ந்த உடைகள், துண்டுகள், ஒரு சீப்பு, தேங்காயெண்ணெய். இவற்றை யாரும் திருடமாட்டார்கள்; திருடினாலும் நஷ்டமில்லை. இது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும், "சரி, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனோம். குளத்தைச் சுற்றிப் போட்டிருந்த பெஞ்சுகளில் நிழலாக ஒன்றைப் பார்த்து அவள் உட்கார்ந்துகொண்டாள்.

இனி, ஒரு நாவலைப் படிக்கிறவன்போல அந்தப் பூங்காவைப் பார்க்கத் தொடங்கினேன். இத்தகைய இடங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. நியூயார்க்கின் கோனி தீவில் 1895-இலேயே கேளிக்கைப் பூங்கா வந்துவிட்டது. லூனா பார்க் 1903-இல் வந்தது. மறுவருஷம் வந்த ட்ரீம்லாண்ட், 1911-இல் எரிந்து சாம்பலாயிற்று. நீருக்கென்றே தனியாகப் பெரிய பூங்கா அமைத்தது, 1977-இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரத்தில் ஜார்ஜ் மில்லே என்பவர். ஆனால் இன்றைக்கு நாம் பார்க்கிற தீம் பார்க்கின் இலக்கணத்தை வகுத்தவர் வால்ட் டிஸ்னிதான்.

டிஸ்னி சினிமாக்காரர். 1955-ஆம் வருஷம் ஜூலை 17-ஆம் தேதி கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டம் இருந்த இடத்தில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். திறந்த அன்று கடும் வெயில். புதிதாகப் போட்ட தார் உருகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. அவர் வேலைக்கு வைத்துக்கொண்டவர்களில் பலர் சினிமாவுக்கு செட் போடுகிறவர்கள். ஆகவே உள்ளே நுழைகிற கடைத்தெருவில் மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறியதாகக் கட்டினார்கள். கட்டடங்கள் உயர்ந்து தெரியும். ஆனால் மனிதனை மிரட்டாது. பொதுஜனத்துக்கு ஒரே ஒரு நுழைவாயில் வைத்தார்கள். நாவலின் முதல் அத்தியாயத்தைத் தாண்டாமல் இரண்டாவது அத்தியாயத்துக்குப் போகமுடியாது என்பதுபோல.

நம் பக்கத்திலும் இதே தொழில் சம்பந்தம் இருக்கிறது. 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற மலையாளப் படம் வந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற முப்பரிமாணப் படம். இந்தியாவில் அதுதான் முதலாவது. அதைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் 1995-இல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா என்ற பூங்காவை அமைத்தார். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனை எழுப்பித் திரைக்குள்ளேயே நடக்கவிடவேண்டும் என்ற ஆசை சினிமாக்காரர்களுக்குத் தோன்றுவது இயல்புதான் போலும்.

டிஸ்னிக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றுக்குத் தம் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு போவாராம். பெண்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். தகப்பனார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றவர்களும் குழந்தைகளும் சேர்ந்து மகிழ்கிற மாதிரி ஓர் இடம் இருக்கக்கூடாதா என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியதாம். அந்தப் பூங்காவின் பெஞ்சு ஒன்றை டிஸ்னிலாந்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆகக்கூடி, உலகத்துத் தீம் பார்க்குகளுக்கெல்லாம் மூலம், பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போன ஒரு மனிதனின் மனக்குறை. அந்தக் குறை தீர்ந்ததா என்று கேட்பதுதான் இந்தக் கலைக்கு நியாயமான விமர்சனம். எழுதியவன் எதைச் சொல்ல வந்தானோ அதைச் சொல்லிவிட்டானா என்று நாவலைக் கேட்கிறோம் அல்லவா?

முதலில் மலைரயில் மாதிரி ஏறி இறங்குகிற வண்டிக்குப் போனோம். வாசலில் ஓர் அளவுகோல் இருந்தது. பேரன் குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தான். அப்படியும் நாலு விரற்கடை குறைந்தது. அவனை அவன் தாயார் சிறுவர் குளத்துக்கு அழைத்துப் போனாள். எஞ்சிய மூவரும் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். அதிகப் பணம் கட்டியவர்களுக்குத் தனி வழி. அவர்கள் எங்களைப் பார்க்காமல் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

அந்த வண்டியின் சூட்சுமம் எளிது. பெரும்பாலானவற்றில் முதல் ஏற்றத்துக்கு மட்டும்தான் இயந்திரம். சங்கிலி ஒன்று பிடித்து உச்சிவரை இழுத்துவிடுகிறது. அப்புறம் வண்டி தன் கனத்தினாலேயே விழுகிறது, எழுகிறது, திரும்புகிறது. உராய்விலும் காற்றின் எதிர்ப்பிலும் வேகம் செலவாகிக்கொண்டே போவதால், பின்னால் வருகிற மேடு எதுவும் முதல் மேட்டின் உயரத்தை எட்டமுடியாது. எனக்கு நம் தொடர்கதைகள் நினைவுக்கு வந்தன. முதல் வாரத்தில் ஒரு கொலை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே போகிற மேடுகள். இரண்டு நிமிஷத்தில் முடிகிற சவாரிக்கு இந்த உத்தி போதும். ஐந்நூறு பக்கத்துக்கு ஓடவேண்டுமானால் நடுவழியில் ஏறிக்கொள்கிற மனிதர்களுக்கும் கனம் இருக்கவேண்டும்.

பிறகு நீர்ச்சறுக்கு, பிறகு அலைக்குளம். சுவருக்குப் பின்னால் இருக்கிற அறைகளில் காற்றை ஊதி, நீரை அமுக்கி, விடுகிறார்கள். அதுதான் அலையாக வருகிறது. சங்கு ஊதினால் அலை, மறுபடி ஊதினால் அமைதி. குழந்தைகள் சங்குக்கு முன்பே கூச்சலிடத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன்? அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு மனிதனை அவன் பேத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு நீர் வேண்டியிருக்கிறது. நிலத்தில் அவள் அப்படிச் செய்வதில்லை.

ஆனாலும் விமர்சகன் மனம் சும்மா இருக்காதே. 'தீம்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? பத்திரிகைகள் கேளிக்கைப் பூங்கா, பொழுதுபோக்குப் பூங்கா என்று எழுதுகின்றன, தீம் காணாமற்போய்விடுகிறது. என் தமிழ்ப் பண்டித நண்பர் ஒருவர், "கருப்பொருள் பூங்கா என்று சொல்லுங்களேன்" என்றார். அன்று சிரித்தேன். அலைக்குளத்தில் நின்றபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பட்டது.

தொல்காப்பியர் ஒரு திணைக்கு மூன்று பொருள்களைச் சொல்கிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறை முதலியன கருப்பொருள். அங்கே வாழ்கிற மனிதனின் ஒழுக்கமும் உணர்ச்சியும் உரிப்பொருள். பாட்டில் ஒன்றைவிட ஒன்று சிறந்து, உரிப்பொருளே எல்லாவற்றிலும் சிறந்தது என்பது அவர் கொள்கை. இந்தப் பூங்காவில் நிலமும் பொழுதும் இருக்கின்றன. கோடை விடுமுறையைவிடச் சிறந்த பெரும்பொழுது எது? கருப்பொருளுக்கோ கணக்கே இல்லை. சிமெண்டு யானை, கண்ணாடியிழை முதலை, காய்க்காத தென்னை, பறைக்குப் பதிலாக ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. உரிப்பொருளை மட்டும் அவர்கள் வைக்கவில்லை. அதை வருகிறவர்கள் பையில் போட்டுக் கொண்டுவரவேண்டும். கொண்டுவந்ததை எந்தக் காவலாளியும் தடுப்பதில்லை.

கிஷ்கிந்தா என்ற பெயரையும் யோசித்துப் பார்த்தேன். குரங்குகளின் ஊர், கும்மாளத்தின் ஊர் என்றுதான் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள். கம்பனைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். சுக்கிரீவனுக்குப் பட்டம் கட்டியாயிற்று, மழைக்காலம் தொடங்கிவிடுகிறது. மழை நின்றதும் படையோடு வருவதாக வாக்கு. இராமன் நகரத்துக்குள் போகாமல் மலையிலேயே தங்கி, கார்காலம் முழுவதும் காத்திருக்கிறான். மழை நின்றபின்னும் சுக்கிரீவன் வரவில்லை. கள்ளிலும் கேளிக்கையிலும் மூழ்கிக் கிடக்கிறான். கம்பனுடைய கவனம் எங்கே இருக்கிறது? உள்ளே ஆடுகிறவர்களைவிட, வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம்தான் அதிகம் இருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணிக்கு என் இடுப்பு எனக்குப் புத்தி சொல்லிற்று. மற்றவர்களை விட்டுவிட்டுப் பெஞ்சைத் தேடி வந்தேன். வருகிற வழியில்தான் அந்தப் பெஞ்சுகளைச் சரியாகப் பார்த்தேன். வரிசையாகப் பெண்கள். நானே எண்ணினேன்: பதினொரு பேர். நாலைந்து பாட்டிமார், கைக்குழந்தையோடு ஓர் இளம் பெண், பட்டுக் கரை போட்ட புடைவையில் ஒருத்தி. ஒவ்வொருவர் காலடியிலும் ஐந்தாறு பைகள், அவிழ்த்து வைத்த செருப்புகள். ஆண் என்று பார்த்தால், காலில் கட்டுப் போட்ட ஒரே ஒரு கிழவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தகப்பனுக்காகத்தான் இந்தக் கலையே பிறந்தது என்று சொன்னேனே. தகப்பன் எழுந்து நீரில் இறங்கிவிட்டான். பெஞ்சு காலியாகவில்லை.

என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் குளத்தையே பார்த்துக்கொண்டு, "அந்த விசில் பையனைப் பாருங்க. காலையிலேருந்து ஒரு தடவை தண்ணியில இறங்கலை" என்றாள். உயரமான நாற்காலியில், வெயிலில், நீரில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றுவதற்காக உட்கார்ந்திருக்கிற பையன். ஆறு மணி நேரம் நீரைப் பார்ப்பது அவன் வேலை. "மத்தியானம் சாப்பிட ஒருத்தன் வந்து மாத்திவிட்டான். பத்தே நிமிஷம். திரும்பி வந்துட்டான்."

பிறகு பட்டுக் கரைப் புடைவைக்காரியைக் கண்ணால் காட்டினாள். ஆரணிப் பக்கமாம். பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளை கனடாவில். பெண் ஊரைவிட்டுப் போகுமுன் எல்லோருமாக ஒருநாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். "அவ மூணு தடவை எங்கிட்ட மணி கேட்டா. அவ கையிலேயே கடிகாரம் இருக்கு."

அந்தப் பக்கம், கைக்குழந்தை வைத்திருந்த பெண். போன வருஷம் இதே குளத்தில் மூத்த பையனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய கணவன் இப்போது இல்லை. பையன் இங்கேதான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தானாம். மாமனார் அழைத்து வந்திருக்கிறார்.

நான் நீரிலிருந்து கொண்டுவந்தது ஓர் இடுப்பு வலியும், தொடர்கதையைப் பற்றிய ஓர் உவமையும். இவள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இரண்டு நாவல்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். கணவன் திரும்பி வரும்வரை ஆற்றியிருக்கும் முல்லைத் திணைக்குத் தொல்காப்பியர் சொல்கிற உரிப்பொருள் 'இருத்தல்'. பூங்காவில் இல்லை என்று நான் தீர்ப்புச் சொன்ன உரிப்பொருள் என் காலடிக்குப் பக்கத்தில், பதினொரு பேர் வரிசையாக, காலையிலிருந்து இருந்துகொண்டிருந்தது.

"நீ ஏன் இறங்கலை?" என்று கேட்டேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "கேட்டிருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். அப்புறம், "ஆனா கேட்டிருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, என் தலை ஈரமாக இருக்கிறதென்று பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். மடித்து அடுக்கியிருந்த துண்டுகள் கண்ணில் பட்டன. கையில் ஒன்று, பையில் நாலு. ஆறு பேர் வந்த குடும்பத்துக்கு ஐந்து துண்டுகள். அந்தப் பையை முதல்நாள் ராத்திரியே கட்டிவைத்தவள் அவள்தான். உடை மாற்றுகிற இடத்தில் எடுத்த முடிவு என்று நான் நினைத்தது, வீட்டு அலமாரியின் முன்னால் நின்றபோதே எடுத்த முடிவு.

நம் மொழியில் விடுமுறை நாளைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த கதை எது என்று கேட்டால், சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையையும் அதைத் தொடர்கிற கானல்வரியையும் சொல்வேன். இந்திர விழா முடிந்து, பூம்புகார்க் கடற்கரையில் ஊரே திரண்டிருக்கிறது. கோவலன் கோவேறு கழுதை மீதும் மாதவி வண்டியிலுமாகப் போகிறார்கள். கரை நெடுக வியாபாரிகளின் விளக்குகள். குறைவில்லாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் நடுவில் யாழை எடுத்து ஒருவர்பின் ஒருவராகப் பாடுகிறார்கள். ஒருவர் பாட்டில் மற்றவர் வேறு மனத்தைக் கேட்டுவிடுகிறார். கோவலன் எழுந்து போய்விடுகிறான். குழந்தை தொலையவில்லை, வண்டி கவிழவில்லை. விடுமுறை நாள் என்பதே, மற்ற நாட்களில் வேலையால் மூடிவைத்ததெல்லாம் மேலே வந்துவிடுகிற நாள் என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. கடற்கரைக்கு வராத ஒருத்தி இருக்கிறாள் அல்லவா? கொஞ்சம் தள்ளி, தேவந்தி என்ற தோழி கண்ணகியிடம் வருகிறாள். காவிரி கடலோடு கலக்கிற இடத்தில் இரண்டு குளங்கள் இருக்கின்றன. அவற்றில் நீராடிக் காமன் கோயிலில் தொழுதால் கணவனோடு சேர்ந்து வாழலாம், போவோம் வா என்று அழைக்கிறாள். அது நமக்குப் பெருமையல்ல என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். பல தடவை படித்த இடம்தான். கண்ணகியின் கற்புக்கு அடையாளமாகவே அதை எல்லோரும் காட்டியிருக்கிறார்கள். நானும் மேடைகளில் அப்படித்தான் பேசியிருக்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்குத் தேவந்திதான் பெரிதாகத் தெரிந்தாள். கண்ணகியின் பெருமை அவள் மறுப்பில் இருக்கிறது. மறுப்பதற்கு ஒருத்தி வந்து அழைத்திருக்கவேண்டும். எங்கள் ஐந்து பேரில் தேவந்தி யாருமில்லை.

இனி, ஒன்பதாவது கதை. அதன் எண் 27. ஒரு பெண் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். சின்னக் குழந்தை நடுங்கிக்கொண்டு ஓடிவருகிறது, தலையைத் துவட்டிவிடுகிறாள், மறுபடி ஓடிவிடுகிறது. ஈரத் துண்டைப் பிழிந்து காயப்போடுகிறாள். உலர்ந்ததும் மடிக்கிறாள். மறுபடி குழந்தை வருகிறது. சாயங்காலம் கணவன் வந்து, பொழுது போயிற்றா என்று கேட்கிறான், போயிற்று என்கிறாள். அவ்வளவுதான். மதிப்பெண் தாளில் நான் எழுதியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: 'சம்பவம் இல்லை. முக்கிய பாத்திரம் இயங்கவேயில்லை.' பத்துக்கு மூன்று கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே பத்திரிகாசிரியரைக் கூப்பிட்டுப் பேசினேன். முடிவுகள் அச்சாகிவிட்டன, பரிசும் போய்ச் சேர்ந்துவிட்டது, பிரதிகளைக் கழித்துவிட்டார்கள். இருபத்தேழாம் எண்ணை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை என்றார். எழுதியது ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அது குறையற்ற கதை என்று இப்போதும் சொல்லவரவில்லை. கணவன் பாத்திரம் வெறும் அட்டை. கடைசி இரண்டு வரியில் ஆசிரியரே குறுக்கே வந்து, பெண்ணின் தியாகம் என்று ஒரு வார்த்தையைப் போட்டுக் கதையை விளக்கிவிட்டார். அதை வெட்டியிருக்க வேண்டும். என் மனைவி அன்று உட்கார்ந்திருந்ததைத் தியாகம் என்று சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும். அவளுக்கு அந்த உடை பிடிக்கவில்லை. வேடிக்கை பார்க்கப் பிடித்திருந்தது. யாராவது கூப்பிட்டிருக்கலாம் என்றும் இருந்தது. இந்த மூன்றும் ஒரே மனத்தில் ஒரே சமயத்தில் இருப்பதைத்தான் கதை சொல்லவேண்டும். தியாகம் என்ற சொல்லுக்குள் அவை அடங்கா. ஆனால் மற்ற எட்டுப் பேரும் நீரைப் பார்த்தபோது, பார்க்கவேண்டிய திசையில் திரும்பி உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான். நான் திரும்பவில்லை. நாற்பது வருஷமாகப் பெண் பாத்திரங்களைப் படைத்துப் பேர் வாங்கினவன், சம்பவம் இல்லை என்று எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடவேண்டும். அந்தக் கதையில் அவள் துண்டுகளை மடித்து வைக்கிற இடத்தில் 'நான்கு துண்டுகள்' என்று இருந்தது. கதையின் தொடக்கத்தில் குடும்பத்தில் ஐந்து பேர் என்று சொல்லியிருந்தார். ஆசிரியர் கணக்கில் கவனக்குறைவாக இருக்கிறார் என்று நினைத்து, 'நான்கு' என்பதைச் சிவப்பு மையினால் வட்டமிட்டேன். ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அந்தத் தாள் இப்போது எங்கும் இல்லை. இருபத்தேழாம் எண்ணை எழுதியவர் இதைப் படிக்க நேர்ந்தால், துண்டுகளின் கணக்குச் சரியாகத்தான் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொண்டுவிட்டதாக வைத்துக்கொள்ளட்டும்.